மாற்றி வைத்த மாத்திரை

பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளர் கீழே விழுந்ததும் தங்கதுரை முதலில் தன் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டான். அதில் ஒரு சொட்டும் படவில்லை. காபி முழுக்க அவனுடைய அக்கா சித்ராதேவியின் மடியில் கொட்டியிருந்தது. சூடு உறைத்திருக்கும். ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தில் எதுவும் தெரியாமல் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. வலது கை மட்டும், டம்ளர் விழுந்த பிறகும் டம்ளரைப் பிடித்த வாக்கிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

பெண்ணின் அத்தை ஈரத்துணியோடு ஓடிவந்தாள். துடைத்துக்கொண்டே, "என்னம்மா, வாதமா?" என்று கேட்டாள்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கதுரை முந்திக்கொண்டான். "சின்னப் பிள்ளையில காய்ச்சல் வந்துச்சு அத்தை. நரம்புல ஏறிருச்சு."

அம்மா செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். சித்ராதேவி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கழுத்து மட்டும் தனியாகத் திரும்பாது, தோளும் சேர்ந்துதான் திரும்பும். பார்த்துவிட்டு, "ஆமா, காய்ச்சல்" என்றாள்.

பெண் முத்துப்பேச்சி கதவோரம் நின்று இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா பொங்கலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். இவர்களைப் போலவே தெற்கிலிருந்து வந்த குடும்பம். பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது. ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பஸ்ஸில் அக்காவும் அம்மாவும் முன்னால் உட்கார, தங்கதுரை கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். அது புதிய பழக்கமில்லை. அக்காவோடு தெருவில் நடந்தால் அவன் எப்போதும் பத்தடி முன்னால்தான் நடப்பான்.

இத்தனைக்கும் அவனை ஆளாக்கியவள் அவள்தான். அப்பா ராக்கையா கோவில்பட்டிக் கரிசலை விட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்து, மண்ணரையில் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்து, மூன்றாம் வருடமே செத்துப்போனார். அதன்பின் வீட்டில் உலை வைத்தது சித்ராதேவியின் ஓவர்லாக் மிஷின். தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்து, அவன் படித்து முடிக்கும்வரை ஒன்றரை ஷிப்ட் பார்த்தாள். இருபத்தைந்து வயதில் ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்து டைலரிடம், "என் பேரச் சொல்லி ஏம்மா வையுத?" என்று கேட்டாள். பக்கத்து டைலர் வாயே திறந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மிஷின் அவள் பேரைச் சொன்னது, ரோட்டில் போகும் வண்டியின் ஹாரன் சொன்னது, ஓடாத ஃபேன்கூடச் சொன்னது. கோவில், தர்கா, கயிறு, தாயத்து என்று நாலு வருடம் போனது. கடைசியில்தான் ஒரு டாக்டரம்மா இதற்குப் பெயர் மனச்சிதைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். இரண்டு மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல் மூன்றாவது மாத்திரை கேட்டது. குரல்கள் அடங்கின. எட்டு வருடமாக அவள் வீட்டில் இருந்தபடியே கம்பெனிகளிலிருந்து வரும் பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுத்தாள். கை நடுங்கினாலும் துணியில் ஒரு கீறல் விழாது.

தங்கதுரை இப்போது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அங்கே யாரும் கேட்டால், வீட்டில் தானும் அம்மாவும்தான் என்று சொல்லிவைத்திருந்தான்.

பெண் பார்த்துவிட்டு வந்த மறுவாரம் முத்துப்பேச்சியின் அத்தை செல்லத்தாய்க்குப் போன் செய்தாள். நிச்சயத்தன்று பெண்ணுக்குப் பூ வைப்பது மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள். கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போடுவதும் அவள்தான். "அத்தனை பேரு முன்னால கை நடுங்குனா அந்தப் பிள்ளைக்கும் சங்கடமாத்தான இருக்கும்? உங்க சொந்தத்துல வேற யாராச்சும் வைக்கட்டுமே" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். செல்லத்தாய்க்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "எம்மவ இருக்கையில வேற எவ வைப்பா?" என்று போனை வைத்தாள்.

அம்மா சொல்லக் கேட்ட தங்கதுரை அன்று சாயங்காலம் மாத்திரை அட்டையில் இருந்த பெயரைப் போனில் தேடினான். பக்க விளைவுகள் என்று ஒரு பட்டியல் வந்தது: நடுக்கம், உடல் இறுக்கம், முகத்தில் சலனம் குறைதல், நடை தளர்தல். வரிசையாக அக்காவை எழுதிவைத்த மாதிரி இருந்தது. அப்படியென்றால் அவளை இப்படி ஆக்கியது நோய் இல்லை, மாத்திரை. நோய்தான் போய் எட்டு வருடம் ஆகிவிட்டதே, பிறகு மாத்திரை எதற்கு? இந்தக் கேள்வியை டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கூடாது என்பார் என்று அவனுக்குத் தெரியும். அதனாலேயே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழு கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு வாரத்து மாத்திரையை எடுத்துவைப்பது அவன் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை மெடிக்கலில் போய், அதே அளவில் வெள்ளையாக ஒரு சத்து மாத்திரை வாங்கிவந்தான். டப்பாவின் ஏழு கட்டத்திலும் அதைப் போட்டான். உண்மையான அட்டைகளை ஒரு பையில் சுற்றி பைக்கின் சீட்டுக்கு அடியில் வைத்தான். நிச்சயம் வரைக்கும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மத்தியானம் அக்கா வந்து டப்பாவை எடுத்துப் பார்த்தபோது அவன் வாசலுக்குப் போய்விட்டான்.

முதல் பத்து நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அவள் சோறு அள்ளும்போது பருக்கை தட்டுக்கு வெளியே சிந்தவில்லை. மூன்றாவது வாரம் நடக்கும்போது இரண்டு கையும் தன்போக்கில் வீசின. முகம் இளகியது. பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் சண்டை போடுவதை அவள் அப்படியே நடித்துக் காட்ட, செல்லத்தாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருக்கன்குடி ஆத்தா கண்ணத் தொறந்துட்டாளே. பன்னெண்டு வருசமா வேண்டுனேன்" என்றாள். தங்கதுரை ஆமாம் என்று தலையாட்டினான். பொய் உறுத்தியது. ஆனால் சந்தோஷமும் இருந்தது, பெருமைகூட இருந்தது. ஒரு நாள் சந்தைக்குப் போகும்போது அக்காவின் பக்கத்திலேயே நடந்து போனான். வழியில் பார்த்த நண்பனிடம் தானாகவே, "எங்க அக்கா" என்றான்.

நிச்சயம் அவன் நினைத்ததைவிட நன்றாக நடந்தது. சித்ராதேவி பச்சைப் பட்டு உடுத்தி, மல்லிகையை எடுத்து முத்துப்பேச்சியின் தலையில் வைத்து, பின்னைக் குத்தி, சரியாக இருக்கிறதா என்று விலகி நின்று பார்த்தாள். விரல் ஒரு துளி அசையவில்லை. காபியைத் துடைத்த அந்த அத்தையே வந்து, "நல்ல வைத்தியம் பாத்திருக்கீக போல" என்றாள். தங்கதுரை சிரித்தான்.

ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அவன் ஒன்றைக் கவனித்திருந்தான். அக்கா சரியாகத் தூங்குவதில்லை. டிவி ஓடினால் எழுந்துபோய் அணைத்தாள். பிசிறு வெட்டும்போது பனியனை உட்புறம் புரட்டி, தையலை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "என்னக்கா தேடுற?" என்றால், "ஒண்ணுமில்ல, சரியா இருக்கான்னு பாக்கேன்" என்றாள். அப்போதே பழைய மாத்திரையை ஆரம்பித்திருக்க வேண்டும். நிச்சயம் முடியட்டும் என்று நினைத்தான். நிச்சயம் முடிந்தது. இப்போது ஆரம்பித்தால் தையில் முடிச்சுப் போடும் நேரத்துக்குக் கை மறுபடி நடுங்குமே என்று நினைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சத்து மாத்திரையைத்தான் எடுத்துவைத்தான்.

ஒன்பதாவது வாரம் ஒரு புதன்கிழமை. கம்பெனியில் குழந்தைகள் துணி ஷிப்மெண்ட். முற்பகல் பதினொரு மணிக்குப் பேக்கிங் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. தங்கதுரை லைனை விட்டு ஓடிவந்து பார்த்தான். மேஜை முழுக்கப் பாலிதீன் பைகள் கிழிந்து கிடந்தன. ஒரு பெண் சின்ன நூல் கத்தரியை வைத்துக்கொண்டு, பேக் செய்த பீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத் தையலை விர்ரென்று பிரித்துக்கொண்டிருந்தாள். சித்ராதேவி. செக்கிங் வேலை கேட்டு வந்ததாக கேட்டில் சொல்லி உள்ளே வந்திருக்கிறாள். அந்த வேலைக்கு தினமும் நாலு பேர் வருவார்கள், கேட்டில் யாரும் சந்தேகப்படவில்லை.

"ஊசி இருக்கு" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை, வேலையில் மூழ்கியவள் தனக்குள் பேசுகிற குரல். "ஒடைஞ்ச ஊசிய உள்ள வச்சுத் தச்சிருக்காக. பச்சப்பிள்ளைக போடுற துணி. பழி என் தம்பி மேல விழும், அவனப் புடிச்சுக் குடுக்கப் போறாக. எனக்குச் சொல்லிட்டாக. எடுத்துருதேன், கொஞ்சம் பொறுங்க, எடுத்துருதேன்."

புரொடக்ஷன் மேனேஜர் செங்கோட்டையன் வந்துவிட்டார். அதிர்ந்து பேசாத மனிதர். கிழிந்த பீஸ்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தங்கதுரையின் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தொரை, இந்தம்மா யாருங்க? உங்க லைன்ல யாருக்காச்சும் வேண்டப்பட்டவங்களா?"

சுற்றி ஐம்பது பேர் நின்றார்கள். அவன் லைன் டைலர்கள், ஒடிசாப் பையன்கள், பேக்கிங் பெண்கள். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை, யோசிக்கும் முன்பே, தயாராக இருந்தது போல வந்தது.

"தெரியலீங்க சார்."

கத்தரி நின்றது. சித்ராதேவி தோளோடு திரும்பவில்லை, இப்போதுதான் கழுத்து நன்றாகத் திரும்புமே. திரும்பி அவனைப் பார்த்தாள். நோய் தலைக்கேறியிருந்த அந்த நேரத்திலும் அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததை அவன் கண்ணால் பார்த்தான். கத்தரியை மேஜையில் வைத்தாள். செக்யூரிட்டிப் பெண்கள் இருவர் கையைப் பிடித்தபோது முரண்டு பிடிக்காமல் நடந்துபோனாள்.

பத்து நிமிடம் கழித்து அவன் பின் கேட் வழியாக வெளியே வந்தான். அவள் ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டோ பிடித்து அவளை வீட்டுக்கு அழைத்துப் போனான்.

மறுநாள் காலை அம்மாவும் அவனும் அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய கொங்குநாட்டு அம்மா அவர். சித்ராதேவியை நெடுநேரம் விசாரித்தார். பிறகு அவளை நர்ஸோடு பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டு வந்தார்.

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டாங்களா?"

"ஒரு நா தப்பல தாயி" என்றாள் செல்லத்தாய். "எங்கண்ணு முன்னாலதான் முழுங்குவா. எங்க கொலசாமி மேல சத்தியம்."

டாக்டரம்மா பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டு யோசித்தார். "அப்ப இந்த மாத்திரையும் கேக்காமப் போயிருச்சுங்க. ஏற்கனவே ரெண்டு கேக்கல. இனி ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் கைவிட்டாத்தான் அதுக்குப் போவோம். ரத்தத்துல வெள்ளை அணு கொறஞ்சிரும், அதனால வாராவாரம் ரத்தம் எடுத்துப் பாக்கோணும். கொஞ்சம் கவனமா இருக்க வேண்டிய மருந்துங்க. வேற வழி இல்லாததுனாலதான் சொல்றேன்."

அவர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். தங்கதுரை அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா இருந்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்காவுக்குத் தேவையில்லாத மருந்து ஏறும், வாராவாரம் ஊசி குத்துவார்கள், அவன் நல்ல தம்பியாகவே இருப்பான். டாக்டரம்மா இரண்டு வரி எழுதிவிட்டார். அப்போதுதான் அவனுக்குக் குரல் வந்தது.

"அவ சாப்பிடலைங்க மேடம்."

அம்மா திரும்பினாள். "என்னல சொல்லுத? நாந்தான பாத்தேன்."

"நான் மாத்தி வச்சேன். சத்து மாத்திரை. அறுபது நாளாச்சு."

பைக் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துவந்திருந்த பையை மேஜையில் வைத்தான். உடைக்காத அட்டைகள் அதில் அடுக்காக இருந்தன. ஏன் செய்தான் என்று டாக்டரம்மா கேட்டார். நடுக்கத்தைச் சொன்னான், பூ வைப்பதைச் சொன்னான். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவனுக்கே கேட்டது. செல்லத்தாய் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

டாக்டரம்மா எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இரண்டு வட்டம் போட்டார்.

"இது ரெண்டும் மூளையில ரெண்டு இடம்னு வச்சுக்கங்க. டோபமின்னு ஒரு ரசாயனம் இருக்குது. ஒரு நரம்பணு இன்னொண்ணுக்குச் சேதி சொல்றதே அதை விட்டுத்தான். எதிர்ப்பக்கத்துல அதை வாங்கிக்கற இடம் ஒண்ணு இருக்கும். உங்க அக்காவுக்கு இந்த மொத இடத்துல டோபமின் அளவுக்கு மீறி வேலை செய்யுது. நமக்கு ஃபேன் சத்தம் ஃபேன் சத்தந்தான். அவங்க மூளை அதுக்கும் 'இது முக்கியம், உன்னையத்தான் சொல்லுது'ன்னு முத்திரை குத்தி அனுப்புது. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் அர்த்தம் வந்துருது. கேக்காத குரல் கேக்குது. மாத்திரை போயி அந்த வாங்கிக்கற இடத்துல உக்காந்துக்கும். டோபமின் வந்தாலும் எடம் கெடைக்காது. சத்தம் கொறையும். நோயை வேரோட புடுங்காதுங்க, அடக்கி வைக்கும்."

இரண்டாவது வட்டத்தைத் தொட்டார். "இது கை கால் அசைவைச் சீரா வச்சிருக்கற இடம். இங்கயும் அதே டோபமின்தான் வேலை செய்யுது. இங்க அது வேணும். ஆனா மாத்திரைக்கு எந்த இடம்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. இங்கயும் போயி உக்காந்துருது. அதனாலதான் நடுக்கம், இறுக்கம், முகத்துல ஒண்ணும் தெரியாமப் போறது எல்லாம்."

"நிறுத்துனதும் நல்லாயிட்டா மேடம். சிரிச்சா" என்றான் தங்கதுரை. கெஞ்சுவது போல இருந்தது.

"ஆமாங்க. நடுக்கம் மொதல்ல போயிரும். நோய் மெதுவாத்தான் திரும்பி வரும். நடுவுல அந்தக் கொஞ்ச நாளு எல்லாமே நல்லா இருக்கற மாதிரி இருக்கும். நெறையப் பேரு ஏமாந்து போறது அங்கதான்." பேனாவை மூடினார். "ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா இங்க கூட்டிட்டு வர்றீங்க. ஒவ்வொரு தடவையும் நான் 'தொந்தரவு ஏதாச்சும் இருக்குதா, கை நடுங்குதா'ன்னு கேட்டனா இல்லையா?"

கேட்டிருந்தார். அக்கா பதில் சொல்ல நேரமெடுக்கும். அவனுக்குக் கம்பெனிக்கு நேரமாகும். வெளியே தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தவிப்பு வேறு. "ஒண்ணும் இல்லீங்க, நல்லாருக்கா" என்று ஒவ்வொரு தடவையும் அவன்தான் சொன்னான்.

"நான் நடக்கச் சொல்லிப் பாத்திருக்கோணும், என் தப்பும் இருக்குது" என்றார் டாக்டரம்மா. "நடுக்கம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டோஸைக் கொறச்சிருப்பேன். இல்லாட்டி நடுக்கம் கொடுக்காத வேறொண்ணுக்குக் கொஞ்சங்கொஞ்சமா மாத்தியிருப்பேன். பூ வைக்கறதுக்கு முன்னால செஞ்சிருக்கலாமுங்க."

அந்த அறையில் அவனைச் சுட்டது இதுதான். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

சித்ராதேவியைப் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பழைய மாத்திரையையே முன்பைவிடக் குறைந்த அளவில் ஆரம்பித்தார் டாக்டரம்மா. தங்கதுரை லீவு கேட்கப் போனபோது செங்கோட்டையனிடம் உண்மையைச் சொன்னான். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்க தொரை. அந்தம்மாவைப் பதனமா அனுப்பி வச்சிருப்போம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் எத்தனையோ வசவுகளுக்குத் தயாராகப் போயிருந்தான்.

முத்துப்பேச்சியையும் போய்ப் பார்த்தான். அவள் ஒரு கம்பெனியின் சாம்பிள் செக்ஷனில் இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். கம்பெனிச் சுவர் ஓரமாக வேப்பமர நிழலில் நின்று அவன் எல்லாவற்றையும் சொன்னான். தெரியலீங்க என்று சொன்னது உட்பட எதையும் விடவில்லை.

"காய்ச்சல் இல்லைன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். உங்க அம்மா தலையக் குனிஞ்சாங்கள்ல" என்றாள். "அக்காவுக்கு அந்த நோய் இருக்கறது எனக்கு ஒண்ணுமில்ல. எங்க சித்தப்பாவுக்கு வலிப்பு இருந்துச்சு, நாங்க யாரும் ஒளிச்சு வைக்கல." பிறகு அவளே கேட்டாள்: "நாளைக்கு எனக்கு ஏதாச்சும் வந்து, நாலு பேரு முன்னால நான் பாக்க நல்லால்லாமப் போயிட்டா, என்னைய என்ன செய்வீங்க?"

அவள் சாப்பாட்டு மணி முடியும்வரை நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரக் கடைசியில் அவளுடைய அப்பா வந்து, தட்டு மாற்றியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்.

காரணத்தைச் சொந்தக்காரர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். பைத்தியக்கார அக்கா இருக்கிற வீட்டில் எவன் பெண் கொடுப்பான் என்றார்கள். வீட்டுக்குத் திரும்பியிருந்த சித்ராதேவியின் காதிலும் அது விழுந்தது. அவள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாள் அம்மாவிடம், "என்னைய எங்கனயாச்சும் ஹோம்ல சேத்து விட்டுரும்மா. அவன் வாழ்க்கைக்குக் குறுக்க நான் எதுக்கு?" என்று சொன்னாள். தங்கதுரை பக்கத்தில்தான் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தான். காதில் விழாதது போல வேலைக்குக் கிளம்பினான். அப்படியே பதினொரு நாள் இருந்தான். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளையும் தள்ளினான். மாத்திரையை மாற்றியதைக்கூட ஆசையில் செய்தேன் என்று தேற்றிக்கொள்ளலாம். இந்தப் பதினொரு நாளுக்கு அவனிடம் ஒரு சாக்கும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அக்கா தரையில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே போய் உட்கார்ந்தான்.

"அக்கா, கல்யாணம் நின்னது உன்னால இல்ல."

அவள் கத்தரியை நிறுத்தவில்லை. "எனக்காகச் சொல்லாத."

"இல்லக்கா. முத்துப்பேச்சிக்கு உன் நோய் ஒரு பொருட்டே இல்ல. என்னையத்தான் அவளுக்குப் பிடிக்கல. நான் செஞ்சது பிடிக்கல. நான் உன் மாத்திரைய மாத்தி வச்சேன்."

"தெரியும்."

அவன் நிமிர்ந்தான்.

"எட்டு வருசமா முழுங்குதேன். நாக்குல பட்டதுமே தெரியாதா? மொத நாளே தெரியும். அந்த மாத்திரை கசக்கும், இது கசக்கல."

"அப்ப ஏன் சாப்பிட்ட?"

"டாக்டரம்மா மாத்திக் குடுத்திருக்காகன்னு நெனச்சேன்." அவள் வெட்டிய பனியனை மடித்து ஓரமாக வைத்தாள். "நீ அவுகளக் கேக்காமயா செய்வேன்னு. கை நடுங்காம இருந்துச்சுல்லா, அதான் எம்புட்டு நல்ல மாத்திரைன்னு நெனச்சுக்கிட்டேன். உங்கிட்டச் சொல்லணும்னுகூட நெனச்சேன், நீ பாத்துப் பாத்து வாங்கியாந்திருக்கியேன்னு."

மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தான். அதைச் சொன்னால் அவள் சரி என்றுதான் சொல்வாள். தனக்காக அவளிடமிருந்து இன்னொன்றையும் வாங்கிக்கொள்வது போல இருந்தது. சொல்லவில்லை.

"கம்பெனியில கேட்டாகள்ல, இது யாருன்னு" என்றாள் அவள். முகம் மறுபடி கொஞ்சம் இறுகியிருந்தது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. "நீ சொன்னதக் காதுல கேட்டேன். எனக்கு என்னென்னமோ கேக்கும், அதுல ஒண்ணோன்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில படுத்திருக்கையிலயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். அப்புறம் மாத்திரை கேட்டு மத்தக் குரலெல்லாம் போயிருச்சு. அது மட்டும் போகல."

"நான் சொன்னதுதாங்க்கா" என்றான்.

"சரி."

அந்தச் சரிக்கு மன்னிப்பு என்று அர்த்தமில்லை. கணக்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்பதுதான். அன்று அவள் அவனோடு அதற்குமேல் பேசவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஹோம் என்ற பேச்சை மட்டும் விட்டுவிட்டாள். சொந்தக்காரி ஒருத்தி வீட்டுக்கு வந்து பழைய பல்லவியைப் பாடியபோது தங்கதுரையே, அம்மா தடுக்கத் தடுக்க, நடந்ததை நடந்தபடி சொன்னான். அவள் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். தெருவில் அவனைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறவர்கள் இருந்தார்கள்.

மாதம் முடிந்து டாக்டரம்மாவைப் பார்க்கும் நாள் வந்தது. இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். அவள் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டதால் அவன் நின்றுகொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிட்டதும் வழக்கம்போல அவனும் எழுந்தான்.

சித்ராதேவி கதவைப் பிடித்தபடி திரும்பினாள். "நீ இரி. நானே பேசிக்கிடுதேன்."

"உனக்குச் சொல்ல நேரமாகும்க்கா, நான் வேணா..."

"ஆகட்டும். எனக்குத்தான ஆகும்."

கதவு சாத்திக்கொண்டது. அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி நேரமும் ஆயிற்று. அடுத்த டோக்கன்காரர்கள் கதவையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் பொறுமையிழந்து, "ஏனுங் தம்பி, உள்ள இருக்கறது உங்களுக்கு வேண்டப்பட்டவங்களா? இன்னும் எம்புட்டு நேரமாகுமுங்க?" என்று கேட்டார்.

"என் அக்காங்க" என்றான் தங்கதுரை. "எவ்வளவு நேரமாகும்னு எனக்குத் தெரியாதுங்க. அவ பேசி முடிக்கட்டும்."

உள்ளே அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. தன்னைப் பற்றியும் சொல்வாளாக இருக்கும். சொல்லட்டும் என்று நினைத்தான். நினைத்ததும் காது மடல் சூடேறியது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.